பொறுப்பாளர்: லோகநாயகி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த மென்பொருள் கம்பெனியில் யார் வேலையை விட்டுப் போனாலும், போகிற அன்றைக்கு லோகநாயகியின் மேஜைக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வந்துவிடும். மற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டுதான். இவளுக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி. அதை வைத்துவிட்டு, போகிற பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்.

"அக்கா, என் பேர்ல சர்வீஸ் ரெண்டு மூணு இருக்கு. உங்க பேரைப் போட்டுக்கட்டா? தற்காலிகமாத்தான்."

"போட்டுக்கோ" என்பாள் லோகநாயகி. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கக்கூட மாட்டாள். பிள்ளை கும்பிட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் பெங்களூரில் இரட்டைச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடும். தற்காலிகம் மட்டும் இவளிடம் தங்கிவிடும்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி மருத்துவமனைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மென்பொருள் ஓட்டித் தருகிறது. மருந்து பில் போட ஒன்று, ஃபீஸ் ரசீது அனுப்ப ஒன்று, டாக்டர் இன்றைக்கு வரமாட்டார் என்று நோயாளிக்குச் செய்தி அனுப்ப இன்னொன்று. இவை ஒவ்வொன்றையும் அங்கே சர்வீஸ் என்பார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கான்ஃபிக் சிஸ்டம் என்ற ஒன்றில் தனிப்பக்கம் உண்டு. அது எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, வேறு எதை நம்பி ஓடுகிறது, செட்டிங் என்ன என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். கடைசியில் பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்பதற்காக வைத்த கட்டம் அது. காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்காது. வேலையை விடுகிறவன் தன் பெயரை அதிலிருந்து எடுத்தால்தான் அவனைக் கணக்கு முடித்து அனுப்புவார்கள். எடுத்துவிட்டு யார் பெயரைப் போடுவது? மேலே கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். பார்ப்பதற்குள் அவன் போகிற நாள் வந்துவிடும். கான்ஃபிக் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள் லோகநாயகி. ஆகவே லோகநாயகியின் பெயர்.

இப்படியே நூற்றுச் சொச்சம் சர்வீஸ்கள் அவள் தலையில் ஏறின. அவற்றில் உண்மையாகவே அவளுடையது ஒன்றே ஒன்று. ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நோயாளிக்குச் சேதி சொல்லும் சின்ன சர்வீஸ். அவளே எழுதியது. அது ஒருநாளும் ஓடாமல் படுத்துக்கொண்டதில்லை.

முடியாது என்று சொல்ல அவளுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். அந்தச் சொல் அவர்கள் வீட்டில் புழங்கவில்லை. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஃபிட்டர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மே மாதம் வந்தால் குவார்ட்டர்ஸே ஊருக்குக் கிளம்பும். கிளம்புகிறவர்கள் எல்லாரும் சாவியை இவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கதவுக்குப் பின்னால் ஆணி வரிசையில் சாவிகள் தொங்கும். அம்மா வீடு வீடாகப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, மீனுக்குத் தீனி போட்டு வருவாள். நீங்கள் ஊருக்குப் போகவில்லையா என்று இவர்களை யாரும் கேட்டதில்லை. லோகநாயகிக்கு இன்றைக்கும் அந்த மே மாதங்களை நினைத்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் எரிச்சல் வேறு, வாய் வேறு. வாய் அம்மாவுடையதாகவே அமைந்துவிட்டது.

டிப்ளமோ முடித்து, டேட்டா என்ட்ரியில் தொடங்கி, இந்தக் கம்பெனிக்கு வந்தவள் பிறகு நகரவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ரவிச்சந்திரனைக் கட்டிக்கொண்டாள். பட்டாபிராமில் ஒரு வீடு. காலையில் ரயிலில் அம்பத்தூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆபீஸ். இவளுக்குப் பின்னால் சேர்ந்த கோகுல்நாத் இவளுக்கு மேலே போய் மேனேஜர் ஆனார். இவள் எல்லாருக்கும் அக்கா ஆனாள்.

சமீபகாலமாக அவளுக்கு மாளாத களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ஆவடி நர்சிங் ஹோமில் டாக்டர் ஆக்னஸ் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார். முதல் தேதி கொடுத்தபோது ஒரு வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்தார், தள்ளிப் போட்டாள். இரண்டாவது தேதியின்போது சர்வர்களை இடம் மாற்றினார்கள். அதுவும் தள்ளிப் போயிற்று. மூன்றாம் முறை ஆக்னஸ் கோபப்பட்டார்.

"ரத்தம் எவ்ளோ குறைஞ்சிருக்கு தெரியுமா? ஆவணி முதல் வாரம் வரீங்க. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு சொன்னா வேற டாக்டரைப் பாத்துக்கோங்க. ஆறு வாரம் ரெஸ்ட். குனியக் கூடாது, தூக்கக் கூடாது."

ஆறு வாரம் என்ற சொல்லைக் கேட்டதும் லோகநாயகிக்கு ஆபரேஷன் பயம்கூட மறந்துபோயிற்று. ஆறு வாரம் படுத்திருக்கலாம். அதற்காக வயிற்றைக் கிழித்துக்கொள்ளலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கோகுல்நாத்திடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், கோயம்புத்தூர்க்காரர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். ஆனால் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அதன் கடைசியில் ஒரு வேலையைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

"கண்டிப்பா போங்க மேடம், ஹெல்த்துதானுங்க முக்கியம். அதுக்குள்ள இந்த ஏஐ இணைப்பை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருங்க."

எல்லாக் கம்பெனிகளையும் பிடித்திருந்த காய்ச்சல் இவர்களையும் பிடித்திருந்தது. ஆபீசில் ஏற்கெனவே ஒரு ஏஐ உதவியாளர் உண்டு. கேட்டால் கடிதம் எழுதித் தரும், நிரலில் தப்புப் பார்க்கும். அதைக் கான்ஃபிக் சிஸ்டத்தோடு இணைத்துவிட்டால், எந்தச் சர்வீஸ் எங்கே ஓடுகிறது, யாரைக் கேட்பது என்றெல்லாம் அதனிடமே கேட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் வைக்க வேண்டும். அந்த வாசல் வழியாக ஏஐ எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம் என்று வரையறுக்க வேண்டும். லோகநாயகியும், கரூரிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் தங்கியிருக்கும் தீபிகாவும் அதில் இறங்கினார்கள்.

எல்லாவற்றையும் ஏஐயே மாற்றும்படி வைத்துவிடலாம் என்றார் கோகுல்நாத். லோகநாயகி அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எதையும் படிக்கலாம், செட்டிங்கைத் தொடக் கூடாது, பொறுப்பாளரை மாற்றச் சொன்னால், புதிதாக வரப்போகிறவரின் போனுக்குச் சம்மதம் கேட்டுப் போக வேண்டும், அவர் சரி என்று அழுத்தினால்தான் மாறும். அதில் அவள் காட்டிய பிடிவாதத்தைப் பார்த்து தீபிகாவுக்கே ஆச்சரியம். "சரிங்க, உங்க இஷ்டம்" என்றார் கோகுல்நாத். அவருக்கு டெமோ தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

டெமோ நன்றாகவே நடந்தது. கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். திங்கட்கிழமை முதல் எல்லாக் கிளைகளுக்கும் திறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் ரயிலில் பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனூர் தாண்டவில்லை, போன் அடித்தது.

"மேடம், ஹெல்ப்டெஸ்க்லேர்ந்து விஷால். உங்க சர்வீஸ் படுத்துடுச்சு மேடம். ஸ்கூல்ல ஃபீஸ் ரசீது போவலையாம், ஒரே கத்தலா கீது."

"எந்த சர்வீஸ்?"

அவன் ஒரு பெயர் சொன்னான். அப்படி ஒன்றை அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

"அது என்னுதுன்னு யாருப்பா சொன்னா?"

"ஏஐதான் மேடம். பொறுப்பாளர் லோகநாயகின்னு நம்பரோட குட்துச்சு."

அம்பத்தூரில் இறங்குவதற்குள் இன்னும் மூன்று அழைப்புகள். ஆபீசுக்குள் நுழைந்தபோது மதுரைக் கிளை பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடினாள். அன்று மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க இதே கதை. என்றைக்கோ போன பிள்ளைகள் விட்டுப்போன, பல வருஷமாக யாரும் சீண்டாத சர்வீஸ்களெல்லாம் அவளுடைய போனில் எழுந்து நின்று அழுதன.

"அது பொய் சொல்லலைக்கா" என்றாள் தீபிகா பாவமாக. "நாம எழுதி வெச்சதை அப்படியே படிச்சுச் சொல்லுது."

அதுதான் நடந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்தில் அவள் பெயரைப் பார்த்தவர்கள், சரி, இதற்கு ஆளில்லை என்று புரிந்துகொண்டு வேறு வழி பார்த்தார்கள். ஆபீசில் அது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏஐக்கு யார் சொல்வார்கள்? அது அவள் பெயரை அவள் பெயராகவே எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டத்தை அப்படி நம்பிய முதல் ஆள் அதுதான்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்புக்கு விண்ணப்பித்தாள். விடுப்பும் இப்போது ஏஐ வழியாகத்தான். அது பணிவாகப் பதில் எழுதியது: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட விடுப்புக்கு, உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு சர்வீஸுக்கும் மாற்று ஆள் தேவை. கீழே நூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக நீண்டன. பழைய விதிதான், இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை, அவ்வளவுதான். லோகநாயகி அதை ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தாள். ஆவணி முதல் வாரத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

மத்தியானம் மீட்டிங்கில் எடுத்துச் சொன்னாள். இவற்றையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள் என்று அவள் கேட்பது முதல் முறையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பெரிய மீட்டிங்கிலும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது அடுத்த மீட்டிங்குக்குப் போகும்.

"அதைப் பிரிக்கறதுன்னா பெரிய வேலைங்க மேடம், மாசக்கணக்கா ஆகும்" என்றார் கோகுல்நாத். "இப்போதைக்கு ஒண்ணு பண்ணலாம். ஏஐக்கு ஒரு ரூல் எழுதிப் போட்டுருங்க. பொறுப்பாளர் லோகநாயகின்னு இருந்தா, யாருமில்லைன்னு எடுத்துக்கோன்னு. போனும் வராது, லீவுக்கும் ஆள் கேட்காது. இந்த ஆபீஸ்ல லோகநாயகின்னா யாருமில்லைன்னுதானுங்களே அர்த்தம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவரும் சொல்லிவிட்டு அவளைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார். லோகநாயகியும் சிரித்துவைத்தாள். இருக்கைக்கு வந்து அந்த வரியை அடித்தாள். ஏஐக்கு எழுதும் குறிப்புகளில் அது இருபது சொல்கூட வராது. சேமிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தினால் ஆபரேஷன் நடக்கும், தூக்கம் கிடைக்கும். ஆனால் பரிசோதனை முடிவு சொல்லும் அந்தச் சின்ன சர்வீஸும் அவள் பெயரில்தான் இருக்கிறது. அழுத்தினால் அதற்கும் யாருமில்லை. விரலை எடுத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது, ஏசிக் காற்று என்று தீபிகாவிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிச்சந்திரன் காபியோடு வந்தான்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது? மறுபடியும் தள்ளிப் போட சொல்லிட்டானுங்களா?"

சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசி வரியில்தான் அவனுக்குச் சுருக்கென்றது.

"யாருமில்லையா? நீயா? இன்னா பேச்சு இது?" கொஞ்ச நேரம் முணுமுணுத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த சாவிகளை எடுத்து மேஜையில் போட்டான். "இத்த பாரு. பட்டறைல எவனாச்சும் லீவு போட்டான்னா, நின்னு போனான்னா, மெஷின் சாவி நேரா என் கைக்கு வந்துடும். சூப்பர்வைசர்னா அதானே. நாளைக்கே வேற ஆளைப் போடலைன்னா என் பாக்கெட்டு கிழிஞ்சுடும், அதனாலயே போட்டுடுவேன். உங்க ஆபீஸ்ல இன்னாடான்னா, போறவன் சாவியெல்லாம் பக்கத்து சீட்ல கீற பொம்பளை இடுப்புல சொருவிட்டுப் போறான்."

லோகநாயகி சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி வரிசை நினைவுக்கு வந்தது. வந்த கோபம் அம்மாமேல் வந்ததா, தன்மேல் வந்ததா, கோகுல்நாத்மேல் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் கடையில் அரைக் கிலோ மைசூர்பாக்கு வாங்கினாள். பெட்டியில் கட்டித் தரச் சொன்னாள்.

ஆபீசுக்குப் போனதும் ஏஐயிடம் எழுதினாள்: என் பெயரில் உள்ள எல்லாச் சர்வீஸ்களையும், பரிசோதனை முடிவு சர்வீஸ் ஒன்றைத் தவிர, கோகுல்நாத் பெயருக்கு மாற்று. கையால் செய்வதென்றால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்றி மாளாது. இத்தனை வருஷம் மலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஏஐ ஒரு நொடியில் தயார் செய்துவிட்டு, அவள் வைத்த விதிப்படியே, கோகுல்நாத்தின் சம்மதத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் இருக்கைக்குப் போனாள். அவர் ஏற்கெனவே போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து நீட்டினாள். பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"என்னங்க மேடம் இது?"

"என் பேர்ல சர்வீஸ் கொஞ்சம் இருக்கு சார். உங்க பேரைப் போட்டுக்கட்டா? தற்காலிகமாத்தான்."

சுற்றி இருந்தவர்களின் தட்டச்சுச் சத்தம் நின்றது. அத்தனை பேரும் அந்த வாக்கியத்தைப் பலமுறை கேட்டவர்கள், ஒருநாள் தாங்களும் சொல்லப்போகிறவர்கள்.

"அந்த ரூலைப் போடச் சொன்னேனுங்களே?"

"எழுதிட்டேன் சார். சேமிக்க கை வரலை. என் பேருக்கு யாருமில்லைன்னு அர்த்தம்னு நானே எழுதணுமா சார்? இருபத்தொரு வருஷமா இங்கதான் இருக்கேன்." குரல் உயரவில்லை. களைத்த குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. "வர வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்."

கோகுல்நாத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் மைசூர்பாக்கு நெய்யாக உருகிக்கொண்டிருந்தது. திருப்பி வைக்கவும் முடியாது. இன்னொரு கையால் போனில் சரி என்று அழுத்தினார்.

"போட்டுக்கோங்க" என்றார் மெல்ல.

அவள் விடுப்பு விண்ணப்பத்தை மறுபடியும் திறந்தாள். உங்கள் பெயரில் ஒரு சர்வீஸ் உள்ளது, மாற்று ஆள் யார் என்று ஏஐ கேட்டது. அவள் யோசிப்பதற்குள் தீபிகா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "என் பேரைப் போடுங்கக்கா. ஆனா சும்மா போடாதீங்க, அது எப்படி ஓடுதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போடுங்க." இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். லோகநாயகி மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த புதன்கிழமை தீபிகா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆவடி நர்சிங் ஹோமுக்கு வந்தாள். தையலில் நீர் கோத்திருந்ததால் லோகநாயகியை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரவிச்சந்திரன் அறை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அது அடிக்கவே இல்லை.

"சின்ன சர்வீஸ் நல்லா ஓடுதுக்கா" என்றாள் தீபிகா. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "கோகுல் சாரைத்தான் பாக்க முடியலை. ஒரு வாரமா போனைக் காதுலேர்ந்து எடுக்கலை. நேத்துக் காலைல எல்லாரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஏஐயை வெச்சே எது ஓடுது, எது ஓடலைன்னு பாத்து, பாதிக்கு மேல வேண்டாம்னு நிறுத்தியாச்சு. மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் கொடுத்துட்டாரு. இனிமே யார் வேலையை விட்டாலும் மேனேஜர் பேர்லதான் போகணுமாம்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சுதுக்கா."

லோகநாயகி விட்டத்தைப் பார்த்தாள். சந்தோஷம்தான் வரவேண்டும். வரவில்லை. தள்ளிப்போன இரண்டு தேதிகளும், ரயிலில் கால் துவள நின்ற நாட்களும், அடுத்த மீட்டிங் அடுத்த மீட்டிங் என்று போன வருஷங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மாசக்கணக்காக ஆகும் என்றார்கள். காலையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குள் எழுந்துவிட்டார்கள்.

"அப்போ இது முடியற காரியம்தான்" என்றாள்.

தீபிகா ஆப்பிளை நறுக்கக் கத்தி தேடினாள். லோகநாயகிக்கு அழுகை பொங்கி வந்தது. அழுதால் தையல் இழுத்தது, அடக்கினாலும் இழுத்தது.

ரவிச்சந்திரன் எழுந்து வந்தான். "இன்னாமே, வலிக்குதா?"

"ஆமாங்க" என்றாள். அவன் நர்ஸைக் கூப்பிடப் போனான்.